ஒரு பற்று நோட்டோடு ஈப்போவுக்கு

(பொன்விழாக் குடும்ப நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பின்வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நான் எப்போது முடிப்பேன் என்று காத்திருக்கும் பிள்ளைகளே!

செயலாளர் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். எழுபத்து மூன்று வயதுக்காரன் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு இருபது நிமிடம் என்பது, பெருநாள் பிரியாணிச் சட்டிக்கு முன்னால் பிள்ளையை உட்காரவைத்து ஒரே கரண்டிதான் என்பதைப் போன்றது. முயன்று பார்க்கிறேன்.

இந்தச் சங்கம் 1969-இல் தொடங்கியது என்று அழைப்பிதழில் படித்தேன். நான் இந்த நாட்டை விட்டுப் போனது 1970-இல். நீங்கள் சங்கம் தொடங்கிய மறு வருஷமே நான் கப்பல் ஏறியிருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நம்புகிறேன். பொருளாளர் அவர்கள் பழைய சந்தாப் பேரேட்டில் என் பெயரைத் தேடவேண்டாம். நான் உறுப்பினராகச் சேரவில்லை. ஆனால் இன்று நான் பேசப்போவது ஒரு பழைய பேரேட்டைப் பற்றித்தான்.

நான் பிறந்தது கமுதிப் பக்கம். 1955-இல், ஒன்பது வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினேன். ஏறக்குறைய ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டே வந்து பினாங்கில் இறங்கினேன். அங்கிருந்து ரயிலில் சுங்கை சிப்புட். ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார்கள்.

அது அவசரகாலம். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்ட பிறகுதான் அவசரகாலமே பிரகடனமானது. 1960 ஜூலை வரை அது நீடித்தது. காட்டில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்பதற்காகக் கடைகளுக்கு ஆயிரம் சட்டம். அதில் ஒன்று: சார்டின் டின்னோ பால் டின்னோ விற்றால், ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். ஓட்டை போட்ட டின்னைப் பதுக்க முடியாது, கெட்டுப்போகும். அந்த ஓட்டை போடும் வேலை எனக்குக் கிடைத்தது. பெரிய ஆணி ஒன்று, சுத்தியல் ஒன்று. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து காப்பாற்றியதில் எனக்கும் ஒரு ஆணி அளவு பங்கு உண்டு. இதுவரை யாரும் விருது கொடுக்கவில்லை.

ஓட்டையிலிருந்து பதவி உயர்வு பெற்று, பதினைந்து வயதில் தராசுக்கு வந்தேன். அந்தக் காலத்து டாச்சிங் தராசு இங்கே எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒரு கோல், அதில் நகர்த்துகிற குண்டு, ஒரு பக்கம் கயிற்றில் தொங்குகிற தட்டு. கிலோ எல்லாம் அப்போது கிடையாது. கட்டி, தாயில். பதினாறு தாயில் ஒரு கட்டி. இன்றைய கணக்கில் அறுநூறு கிராம் சுமார். இந்தத் தராசைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

தோட்டத்து வியாபாரம் முழுக்கப் பற்றுத்தான். மாதம் முழுக்க அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வோம். சம்பள நாளில் கணக்குத் தீரும். தீரும் என்றால், தீர்ந்த மாதிரி ஒரு தோற்றம் வரும். மறுநாள் காலையில் புதுப் பக்கம் திறக்கும்.

பிறகு 1968-இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர்களிடமும் சிவப்பு அட்டைதான் இருந்தது. குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்ன காலத்தில், "நாம என்ன, ஊருக்குப் போறவங்கதானே" என்று இருந்துவிட்டவர்கள் அவர்கள். என் அத்தாவும் அப்படித்தான். வரிசை வரிசையாக லயத்து வீடுகள் காலியாயின. வாடிக்கையே கப்பலேறிய பிறகு கடைக்கு என்ன வேலை? 1970-இல் நாங்களும் கிளம்பினோம். இங்கே வாக்கப்பட்ட தங்கை மட்டும் தங்கினாள். அதே ரஜூலா. வரும்போது எனக்குக் கடலைப் பார்த்து அழுகை. போகும்போது கரையைப் பார்த்து அழுகை.

போகிறபோது அத்தா ஒரு பற்று நோட்டை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். அதில் இருபத்து மூன்று பெயர்கள். மொத்தப் பாக்கி 1,146 வெள்ளி 35 காசு. ஊரில் அந்த நோட்டு தானியப் பானைக்கு மேலே, குர்ஆன் ஷரீஃபுக்குக் கீழ்த் தட்டில் இருந்தது. 1984-இல் அத்தா வஃபாத்தாவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "அந்தப் பாக்கியை யாருகிட்டயும் கேக்காதே. நான் எல்லாருக்கும் ஹலால் பண்ணிட்டேன். ஆனா அவங்களுக்கு அது தெரியாதுல்ல? கடனாளியாவே நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. ஒருதரம் போய்ச் சொல்லிட்டு வா."

வஸிய்யத்து. நிறைவேற்ற எனக்கு முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. மூன்று பெண்களின் நிக்காஹ், கடை, வீடு, முழங்கால் வலி என்று ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். போன மாதம் என் மூத்த மகள்தான் கேட்டாள்: "அத்தா, நன்னா சொன்ன வேலைய நீங்க எப்ப முடிப்பீங்க? இல்ல, அதையும் எங்க தலையில எழுதி வச்சுட்டுப் போகப்போறீங்களா?" மறுவாரமே டிக்கெட் எடுத்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். விமானத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஒரு சினிமா ஓடிக்கொண்டிருந்தது. நான் நோட்டை விரிக்கிறேன். "உங்கள் கடன் ரத்து" என்கிறேன். முதியவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். "பாய் மகன்னா பாய் மகன்தான்" என்கிறார்கள். நான் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொள்கிறேன். குனிவதற்குக்கூடப் பயிற்சி எடுத்துக்கொண்டேன்.

திருச்சியில் ஏறி நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். ஒரு வாரம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த தூரம். ஒரு முறைகூட வாந்தி வராமல் வந்து இறங்கியதும், வேறு ஏதோ நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

என் தங்கை மகன் காத்திருந்தான். "மாமு, மலாய் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். "பதினஞ்சு வருஷம் பேசினது எங்கடா போகும்?" என்றேன். ஈப்போ வந்து சேர்ந்த மறுநாள் என் மலாய்ப் புலமைக்கு முதல் அடி விழுந்தது. சாலையோரம் பெரிய பலகை. 'குக்கி கெரேத்தா' என்று வாசித்தேன். கெரேத்தா என்றால் கார். குக்கி என்றால் பிஸ்கட். "பரவாயில்லையே, இப்போ பிஸ்கட்டைக் கார்ல வச்சு விக்கிறாங்க போல" என்றேன். மருமகன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான். அது 'சூச்சி கெரேத்தா'வாம், கார் கழுவுமிடம். நான் போன பிறகு, 1972-இல், மலாய் எழுத்துமுறையையே மாற்றியிருக்கிறார்கள். முன்பு 'ச' ஓசைக்கு இரண்டு எழுத்துப் போடுவார்கள். இப்போது ஒன்றுதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்தது தெருக்கள். வாடகைக் கார் ஓட்டிய மலாய்த் தம்பியிடம் "புருஸ்டர் ரோடு போ" என்றேன். கைப்பேசியில் தேடினான். "பாக்சிக், அப்படி ஒரு ரோடு இந்த ஊரில் இல்லை" என்றான். இல்லையா? நான் சைக்கிளில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட ரோடு அது! பல் இல்லாத இடம் இன்னும் இருக்கிறது, ரோட்டைக் காணோமா? பிறகு தெரிந்தது, அது ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. ஹியூ லோ தெரு ஜாலான் சுல்தான் இஸ்கந்தர். பெல்பீல்டு தெரு ஜாலான் சுல்தான் யூசுப். துரைமார்கள் போய் சுல்தான்கள் வந்திருக்கிறார்கள், நியாயம்தானே. ஆனால் நான் வழி கேட்டால் என்னோடு ஒத்த வயதுக்காரர்களிடம்தான் கேட்க முடிகிறது. அவர்களுக்கோ காது கேட்கவில்லை.

மாறாதவை எனக்கு ஆறுதல் தந்தன. ஹப்பாக் என்ற வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர் வரைந்த ரயில் நிலையம் அப்படியே வெள்ளை வெளேரென்று நிற்கிறது. பாடாங்குக்கு அருகே, ஷேக் ஆதம் அவர்கள் 1908-இல் கட்டிய நம் இந்திய முஸ்லிம் பள்ளிவாசலில் அஸர் தொழுதேன். தொழுதுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்தவர் "பசியாறியாச்சா?" என்று கேட்டார். ஐம்பது வருஷம் கழித்து யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் "சாப்பிட்டாச்சா" என்றுதான் கேட்பார்கள்.

மறுநாள் பசியாற மருமகன் ஒரு சீனர் கோப்பிக் கடைக்குக் கூட்டிப் போனான். உள்ளே நம்மவர் நாசி கண்டார் வைத்திருக்கிறார். அந்தச் சோற்றுக்கு இந்த ஊர் மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'நாசி வாங்கே'. கடைக்காரர் வாசலில் நின்று "வாங்கே, வாங்கே" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே சோற்றின் பெயராகிவிட்டதாம். நம் 'கடை' இவர்கள் வாயில் 'கெடை'யாகி அகராதியிலேயே ஏறிவிட்டது. இப்போது நம் 'வாங்க'வும் தட்டில் ஏறிவிட்டது. மருமகனிடம் சொன்னேன்: "பாத்தியாடா, நாம போற இடத்துல எல்லாம் குடுத்துட்டுத்தான் வந்திருக்கோம்." எனக்குள் அந்தச் சினிமா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பத்து காஜா பக்கம் கெல்லிஸ் காசல் பார்க்கப் போனோம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ரப்பரில் பணம் பண்ணிக் கட்டத் தொடங்கிய மாளிகை. வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து நம் ஆட்களைக் கொண்டுவந்தார். முதல் உலகப் போர் முடியும் சமயம் பரவிய விஷக் காய்ச்சலில் அவர்களில் நிறையப் பேர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்க, கட்டிக் கொடுத்தார். கோயில் கூரையில் தெய்வங்களுக்கு நடுவே ஒரு துரை பொம்மையும் நிற்கிறது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை பாதியில் நின்றுவிட்டது. அதைப் பார்க்க இன்று டிக்கெட். எனக்குத் தாங்கவில்லை. மலேசியாவுக்குச் சம்பாதிக்க வந்தவர்கள் பணம் அனுப்பிப் பாதியில் நின்ற வீடுகள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு இருக்கின்றன. மாடிப்படி ஏறினால் மாடி இருக்காது. ஒருத்தராவது டிக்கெட் போட்டோமா?

நான்காம் நாள் கோலகங்சார். அங்கே ஒரு ரப்பர் மரத்துக்கு வேலி கட்டி, பலகை வைத்திருக்கிறார்கள். 1877-இல் ஹியூ லோ துரை காலத்தில் நட்ட ஒன்பது மரங்களில் மிஞ்சியிருக்கும் ஒன்று. சுற்றுலாப் பயணிகள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். மரத்தைச் சுற்றி வந்து பலகையை இரண்டு முறை வாசித்தேன். மரத்தின் பெயர் இருந்தது, வருஷம் இருந்தது, துரை பெயர் இருந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் அந்த மர இனத்தை இந்த நாடு முழுக்க வெட்டிப் பால் எடுத்தவர்கள் யாரும் அதில் இல்லை. அப்போதுதான் பையில் இருந்த பற்று நோட்டு எனக்குக் கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. அதில் இருபத்து மூன்று பெயர்கள் இருக்கின்றன அல்லவா?

திரும்பும் வழியில் சுங்கை சிப்புட். துன் சம்பந்தன் அவர்களின் ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டமே வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர். மகாத்மா காந்தி கலாசாலையைப் பார்த்ததும் திசை பிடிபட்டது. அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்குப் போவேன் என்றேன். கண்ணைத் திறந்துகொண்டே மூன்று முறை வழி தவறினோம்.

தோட்டம் இல்லை. பாதி இடத்தில் தாமான் வீடுகள். மீதி இடத்தில் செம்பனை. ரப்பர் மரம் என்றால் தினம் விடியற்காலையில் வெட்டவேண்டும், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். செம்பனைக் குலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அறுத்தால் போதும், ஆள் கணக்கும் குறைவு. வேலையோடு சேர்ந்ததுதானே லயத்து வீடு? வேலை போனபோது வீடும் போயிற்று. எங்கள் கடை இருந்த இடத்தை மட்டும் கண்டுபிடித்தேன், பக்கத்துக் கல் மதகை வைத்து. அங்கே ஒரு செம்பனை நின்றது. அதனிடமா கடன் ரத்து என்று சொல்வது?

வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஸலாம் சொன்னார். என்னுடைய பழைய மலாயும் அவருடைய புது மலாயும் சந்தித்துக் கொஞ்ச நேரம் தடுமாறின. என்ன தேடுகிறீர்கள் என்றார். பற்று நோட்டைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். 555! இந்த நாட்டில் கடன் எழுதுவதற்கென்றே பிறந்த நோட்டு. மளிகைக் கடையில் அவர் வாங்கியது, கொடுக்கவேண்டியது எல்லாம் அதில் இருந்தது. ஆள் மாறி, மரம் மாறி, பாஷை மாறியிருக்கிறது. நோட்டு மாறவில்லை.

சுங்கை சிப்புட் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, பழைய தோட்டத்து ஆட்கள் யாராவது உண்டா என்று விசாரித்தோம். அரை மணி நேரத்தில் இருபத்து மூன்றில் நாலு பெயருக்குத் துப்புக் கிடைத்தது. மூன்று வீட்டில் பேரப்பிள்ளைகள்தான் இருந்தார்கள். அவர்களுக்குத் தாத்தாவின் பெயரே சரியாகத் தெரியவில்லை. கடன் எங்கே தெரியப்போகிறது? "ஏதும் பேங்க் லோனா அங்கள்?" என்று ஒரு பையன் பயந்துபோய்க் கேட்டான்.

நான்காவது வீட்டில் ஓர் அக்கா இருந்தார்கள். பெயர் வேண்டாம், அவர்கள் அனுமதி நான் கேட்கவில்லை. பால் வெட்டியவர்கள். எனக்கு நாலு வயது மூத்தவர்கள். வாசலில் நாற்காலி போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் யார் என்று சொன்னேன். தோட்டத்து வாசல் மளிகைக் கடை பாய் மகன் என்றேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். பிறகு உள்ளே பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்கள்: "அம்மாடி, இங்க வந்து பாரு! நம்ம விரல் பாய் வந்திருக்கு!"

எனக்குப் புரியவில்லை. நல்ல விஷயம் என்றே நினைத்துக்கொண்டேன். சினிமாவில் இது என் காட்சி. நோட்டை விரித்தேன். "அக்கா, உங்க வீட்டுக்காரர் பேர்ல 38 வெள்ளி 40 காசு பாக்கி இருக்கு. அத்தா அதை ஹலால் பண்ணிட்டாங்க. நீங்க கடன்காரங்க இல்லன்னு சொல்லத்தான் அம்பது வருஷம் கழிச்சு வந்திருக்கேன்" என்றேன். தலையையும் குனிந்தேன், பயிற்சி எடுத்தபடி.

அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "பாக்கியா? தம்பி, நீ கருவாடு நிறுக்கும்போது உன் சுண்டு விரலும் சேந்து தட்டுல நிறுக்குமே, அதுக்கு நோட்டு போட்டியா?"

சபையோரே, அந்த இடத்தில் நான் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. ஆமாம். நான்தான். பதினைந்து வயதில் தராசைக் கையில் கொடுத்ததும் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் வந்தது. இடது கையால் கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கை சுண்டு விரலால் தட்டுக் கயிற்றை லேசாக இழுத்துவிடுவேன். கட்டிக்கு ஒரு தாயில் நமக்கு மிச்சம். அத்தாவுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் "இந்த மாசம் சரக்கு நிலுவை நல்லா வந்திருக்கே" என்று அவர்கள் சந்தோஷப்பட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு குருவிக்கும் தெரியாது என்று நினைத்தேன். தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கிறது! எனக்குப் பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள்! பெரட்டுக் களத்தில் "இன்னிக்குக் கடையில பெரிய பாயா, விரல் பாயா?" என்று கேட்டுக்கொண்டுதான் சாமான் வாங்க வருவார்களாம்.

"அப்ப ஏன் அக்கா யாரும் கேக்கல?" என்றேன். குரல் வரவில்லை.

"எங்க போயி வாங்குறது தம்பி? பற்றுக் குடுக்கிற கடை அது ஒண்ணுதானே" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்கள். "உங்க அத்தா கொசுறு அள்ளிப் போடுவாரு. நீ விரலைப் போடுவே. கூட்டிக் கழிச்சுச் சரியாப் போயிரும்னு விட்டுட்டோம்."

அளவை நிறுவையில் குறைப்பவர்களைப் பற்றி நம் வேதத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. முதஃப்பிஃபீன். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவன் நான். தவ்பா செய்தாயிற்று, எல்லாம் கழுவிப் போயிற்று என்று இருந்தேன். ஆனால் அடியார்களின் ஹக்கு அப்படிப் போகாது என்று ஆலிம்கள் எத்தனை ஜும்ஆவில் சொல்லியிருக்கிறார்கள்! அது யாருடையதோ அவர்கள்தான் மன்னிக்கவேண்டும். மன்னிக்க வந்த நான், அந்த வாசலில் மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை பார்க்காததால் அது சரியாகவும் வரவில்லை.

"அட, போ தம்பி. அந்த முப்பத்தெட்டு வெள்ளிக்கு உன் விரலுக்குச் சரியாப் போச்சு" என்றார்கள். "கோப்பி ஊத்தறேன், குடிச்சிட்டுப் போ."

கிளம்பும்போது உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். கருவாடு! "வீட்டுல போயி நிறுத்துப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்கள்.

நிறுத்துப் பார்த்தேன். மருமகன் வீட்டுச் சமையல்கட்டில் கேக் மாவு நிறுக்கிற மின்தராசு இருக்கிறது. அதில் விரல் வைக்க வழி கிடையாது. அறுநூற்று இருபது கிராம் காட்டியது. ஒரு கட்டி. அதற்கு மேலே கொசுறு.

அன்று இரவு நான் தூங்கவில்லை. நாம் ஒன்றுகூடினால் நம் வரலாற்றை எப்படிச் சொல்கிறோம்? பள்ளிவாசல் கட்டினோம், கடை வைத்தோம், கஷ்டப்பட்டவர்களுக்குப் பற்றுக் கொடுத்தோம், வாங்கே என்று கூப்பிட்டுச் சோறு போட்டோம். பொய்யில்லை. என் அத்தாவைப் போல் கொசுறு அள்ளிப் போட்டவர்கள் நிறைய. ஆனால் நாம் கொடுத்ததை மட்டும்தான் நம் நோட்டில் எழுதியிருக்கிறோம். அந்தப் பள்ளிவாசலின் செங்கல்லில், நம் பிள்ளைகளின் படிப்பில், ஊரில் பாதியில் நிற்கிற வீடுகளில், விடியற்காலையில் பால் வெட்டியவர்களின் காசு இருக்கிறது. அவர்கள் நோட்டுப் போடவில்லை. மனசில் வைத்திருந்தார்கள். அதையும் கூட்டிக் கழித்துச் சரி பண்ணிவிட்டார்கள்.

ஆகையால் இரண்டு காரியம். ஒன்று, என் விரல் கணக்கு எவ்வளவு என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே தொகை நோட்டில் இருப்பதுதான். அந்த 1,146 ரிங்கிட் 35 காசை, சுங்கை சிப்புட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் புத்தகத்துக்காகத் தலைவரிடம் கொடுக்கிறேன். முப்பத்தைந்து காசைச் சில்லறையாகவே கொண்டுவந்திருக்கிறேன். பொருளாளர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். என் கையை நான் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

இரண்டு, இந்தப் பற்று நோட்டைச் சங்கத்திடம் ஒப்படைக்கிறேன். இங்கே இருப்பவர்களில் பலர் தோட்டத்துக் கடைக்காரர்களின் பேரப்பிள்ளைகள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி நோட்டு இருக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் பெயர்களை வாசியுங்கள். யாராவது உயிரோடு இருந்தால் போய்ப் பாருங்கள். கடன் ரத்து என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். "பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்கட்டில் நெய்ச்சோறு தயாராகிவிட்டது என்று வாசனையும் சொல்கிறது. பரிமாறும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தக் கிழவனுக்கு வைக்கும்போது கரண்டியைத் தாராளமாகப் பிடியுங்கள். உங்கள் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டேதான் நான் உட்கார்ந்திருப்பேன்.

நம் எல்லோருடைய கணக்கையும் அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.